சாலைக் கேமராக்கள்: புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்கா மகளுக்கு லைசென்ஸ் கிடைத்து மூன்று வாரம். அவள் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். வேக வரம்பு 80, முள் 76-ல் நின்றது. நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று மேலே கம்பத்தில் ஒரு கேமரா கண்ணில் பட, பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டாள். வண்டி 50-க்கு இறங்கிவிட்டது. பின்னால் வந்த லாரியின் ஹாரன் அலறியது. கண்ணாடியில் அதன் முகப்பு விளக்குகள் மட்டும்தான் தெரிந்தன. லாரி டிரைவர் விழிப்பாக இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். "நீ வரம்புக்குள்தானே போய்க்கொண்டிருந்தாய், ஏன் பிரேக் போட்டாய்?" என்று கேட்டேன். "கேமராவைப் பார்த்தேன், கால் தானாகப் போய்விட்டது மாமா" என்றாள்.

அந்தக் காலைப் பழக்குவதற்காகத்தான் இந்தக் கட்டுரை. எந்தக் கேமரா எதைப் பார்க்கிறது, எப்படிப் பார்க்கிறது என்று ஒருமுறை விளங்கிவிட்டால் பதற்றம் பாதி போய்விடும். மீதிப் பாதி பழக்கத்தில் போகும். அபராதத் தொகையும் விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும், அவற்றை உங்கள் ஊர் விதிப்படி பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா வேலை செய்யும் விதம் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில்: எல்லாக் கேமராவும் அபராதம் போடாது

சாலையில் தெரியும் கேமராக்களில் கணிசமானவை போக்குவரத்து நெரிசலைக் கவனிப்பதற்காக வைத்தவை. கம்பத்தின் உச்சியில் அரைக்கோளக் கண்ணாடி மூடியோடு, சுற்றிச் சுழலும் கேமரா பெரும்பாலும் கட்டுப்பாட்டு அறைக்குப் படம் அனுப்புவது. சிக்னல் விளக்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும் சின்னக் கேமரா, வண்டிகள் வந்து நிற்கின்றனவா என்று பார்த்துப் பச்சையை எப்போது போடலாம் என முடிவு செய்வதற்கான கருவியாக இருக்கலாம்.

இதைச் சொல்வது, எது எது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்து அதற்கேற்ப ஓட்டுவதற்காக இல்லை. 80-ல் போகும்போது கம்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தால் முன்னால் போகும் வண்டியை விட்டுவிடுவீர்கள். கேமராவைத் தேடாதீர்கள், வேக வரம்புப் பலகையைத் தேடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் கீழே சொல்லும் பலவும் தானாக வந்துவிடும்.

ஓரிடத்தில் வேகம் பார்ப்பவை

இவற்றில் பழையது ரேடார். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் ஒலி கூர்மையாகவும், கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்கும் அல்லவா? 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு அது. கேமரா ரேடியோ அலையை அனுப்புகிறது, உங்கள் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுகிறது.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் போனது கட்சோ கேமரா. அதை உருவாக்கியவர் மவுரிட்ஸ் கட்சோனிடிஸ் என்ற டச்சுக்காரர். 1953-ல் மான்டே கார்லோ ராலியை வென்ற கார் பந்தய வீரர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து இன்னும் வேகமாகப் போவதற்காகத்தான் முதலில் அளவுக் கருவியில் இறங்கினார். 1958-ல் அவர் தொடங்கிய நிறுவனம் பிறகு காவல்துறைகளுக்குக் கருவி செய்து கொடுத்தது.

கட்சோ இருக்கும் இடத்தில் ரோட்டில் சீரான இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். ரேடார் சொன்னதைச் சரிபார்க்க அவை உதவும். கேமரா பொதுவாக அரை விநாடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். அந்த அரை விநாடியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 8.3 மீட்டர் நகர்ந்திருக்கும், 80-ல் போவது 11.1 மீட்டர். எத்தனை கோடு கடந்திருக்கிறது என்று படத்தில் எண்ணிவிடலாம். "ரேடார் தப்பாகக் காட்டிவிட்டது" என்று வாதாடுகிறவர்கள் பலரும் இந்த இரண்டாவது சாட்சியை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வகை ரோட்டுக்கு அடியில் இருக்கிறது. தார்ச்சாலையில் செவ்வகமாக அறுத்து, திரும்ப அடைத்த தடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் கம்பிச் சுருள் இருக்கும். மேலே உலோகம் வந்தால் சுருளின் மின் தன்மை மாறும். குறிப்பிட்ட தூரத்தில் இரண்டு சுருள்கள் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எடுத்த நேரமே வேகத்தைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, கையில் பிடிக்கும் லேசர் துப்பாக்கி. லேசர் கற்றை மிகக் குறுகலானது, 300 மீட்டர் தள்ளியும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம்தான் விரியும். அதனால் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு வண்டியைக் குறிபார்க்க முடியும். நீங்கள் காவலரைப் பார்ப்பதற்குள் உங்கள் வேகம் பதிவாகியிருக்கும். அவரைப் பார்த்த பிறகு பிரேக் போடுவதில் ஒரு பயனும் இல்லை; பின்னால் வருகிறவருக்குத்தான் ஆபத்து. ஓரமாக நிற்கும் வேன்களிலிருந்து எடுப்பதற்கும் இதே பதில்தான்.

ஃபிளாஷ் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும் கேமராக்கள் நிறைய உண்டு. ஃபிளாஷ் அடிக்கவில்லை என்பதால் படம் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. அதேபோல, ஃபிளாஷ் அடித்தால் அது உங்களுக்குத்தான் என்றும் இல்லை, பக்கத்து லேன்காரருக்காகவும் அடித்திருக்கலாம்.

சராசரி வேகக் கேமரா

புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். இது ஜோடியாக வேலை செய்யும். முதல் கேமரா உங்கள் நம்பர் பிளேட்டையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். சில கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது கேமரா அதையே செய்யும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் தொழில்நுட்பம் 1976-ல் பிரிட்டனின் காவல்துறை ஆய்வுப் பிரிவில் பிறந்தது. இன்று சுங்கச்சாவடி முதல் வாகன நிறுத்துமிடம் வரை எல்லா இடத்திலும் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கேமராவுக்கும் நடுவே 6 கிலோமீட்டர், வரம்பு 80. ஒழுங்காகப் போனால் நாலரை நிமிடம் ஆகும். ஒருவர் இரண்டு கேமராவின் கீழும் நூறு நூறு மீட்டர் மட்டும் 60-ல் போகிறார், மற்றபடி 110-ல் விரட்டுகிறார் என்று வையுங்கள். அவர் 3 நிமிடம் 22 விநாடியில் கடந்துவிடுவார். சராசரி 107. கேமராவின் கீழே அவர் எவ்வளவு பவ்யமாகப் போனார் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை.

அப்படியென்றால் பாதி வழியில்தான் பலகையைக் கவனித்தேன், அதற்குள் 3 கிலோமீட்டரை 100-ல் ஓட்டிவிட்டேன் என்றால்? மீதி 3 கிலோமீட்டரை 67-க்கும் குறைவாக ஓட்டினால்தான் சராசரி 80-க்குள் வரும். 80-ல் ஓடும் சாலையில் அந்த வேகத்தில் ஊர்ந்து பின்னால் வருபவர்களைத் திணறடிக்காதீர்கள். சாலையோரம் நிறுத்தி நேரத்தைக் கடத்துவது அதைவிட மோசம், வேகச் சாலையின் ஓரத்தில் நிற்கும் வண்டி மேல் வந்து மோதுவது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. மெதுவாக வரம்புக்கு இறங்கி, அப்படியே ஓட்டுங்கள். அபராதம் வந்தால் கட்டிவிடலாம்.

இந்தப் பகுதியில் குரூஸ் கன்ட்ரோல் அல்லது வேகக் கட்டுப்பாட்டு வசதி இருந்தால் அதை வரம்புக்கு வைத்துவிடுங்கள். காலுக்கு ஓய்வு, கண் சாலையில் இருக்கும். எனக்கு எல்லாக் கேமராக்களிலும் பிடித்தது இதுதான். எல்லாரையும் ஒரே சீரான வேகத்தில் ஓட வைக்கிறது, யாரும் திடீரென்று பிரேக் போட வேண்டிய தேவையே இல்லை. ஓரிடக் கேமரா அப்படி இல்லை. அதற்கு முன்னால் பிரேக் போட்டு, தாண்டியதும் சீறிப் பாய்கிறவர்கள் உண்டு. இதற்குக் கங்காரு விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிக்னல் கேமரா

புதியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். "மஞ்சளில் நடுவில் மாட்டிக்கொண்டால் படம் எடுத்துவிடுமா?" என்று.

பதில்: வழக்கமான அமைப்பில், சிவப்பு விழுந்த பிறகு நிறுத்தக் கோட்டைத் தாண்டுகிற வண்டியைத்தான் இது பிடிக்கும். சிவப்பு விழும் முன்பே கோட்டைத் தாண்டி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டவர் மேல் இது பாயாது. முதல் படம், விளக்கு சிவப்பாகவும் வண்டி இன்னும் கோட்டைத் தாண்டாமலும் இருக்கும்படி. இரண்டாவது, வண்டி ஜங்ஷனுக்குள் இருக்கும்படி. இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். ஆகவே திரும்புவதற்காக நடுவில் காத்திருக்கும்போது சிவப்பு விழுந்தால் பதறிப் பின்னால் வராதீர்கள். வழி கிடைத்ததும் பார்த்துத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஆனால் இதில் ஒரு விஷயம் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சிக்னல் கேமரா வைத்த இடங்களில் குறுக்கே மோதும் விபத்துகள் சுமார் 25 சதவீதம் குறைந்தன, பின்னால் வந்து மோதும் விபத்துகள் சுமார் 15 சதவீதம் கூடின. குறுக்கே மோதுவதுதான் உயிரைக் குடிப்பது, அதனால் மொத்தத்தில் நன்மைதான். இருந்தாலும் அந்தப் பின்மோதல் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்: மஞ்சளைக் கண்டு முன்னவர் மிரண்டு நிற்கிறார், பின்னவர் முன்னவர் போய்விடுவார் என்று நம்பி வருகிறார்.

இதிலிருந்து தப்ப மூன்று பழக்கம் போதும். இவற்றைக் காலியான சாலையில் முதலில் பழகுங்கள்.

ஒன்று, பழைய பச்சையைச் சந்தேகப்படுங்கள். தூரத்தில் வரும்போதே பச்சையாக இருந்த விளக்கு, நீங்கள் நெருங்கும்போது எந்த நொடியும் மாறலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக் மேல் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டாம், வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு, கோட்டுக்கு முன்னால் ஒரு அடையாளத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்குக் கம்பமோ மரமோ. அதற்கு இந்தப் பக்கம் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் நிற்பேன், தாண்டிவிட்டால் போவேன். தூரத்துக்கு ஒரு கணக்கு: 50-ல் போகும் வண்டி ஒரு விநாடியில் 14 மீட்டர் போகும். மூளை உணர்ந்து கால் அசையவே ஒரு விநாடி ஆகும், பிறகு காய்ந்த ரோட்டில் முழு பிரேக்கில் இன்னும் 14 மீட்டர். ஆகக் குறைந்தது 28. உள்ளே இருப்பவர்கள் குலுங்காமல், பின்னால் வருபவர் மிரளாமல் நிறுத்த 45 மீட்டராவது வேண்டும். 70-ல் போனால் முழு பிரேக்கிலேயே 46 மீட்டர் போய்விடும். மழை என்றால் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் விளக்கு பொதுவாக 3 முதல் 6 விநாடி எரியும்படி வைக்கப்படுவதே இந்த முடிவை எடுக்க உங்களுக்கு நேரம் தரத்தான். முடிவு எடுத்துவிட்டால் மாற்றாதீர்கள். பாதி பிரேக் போட்டுவிட்டு, அப்புறம் மனம் மாறி ஆக்சிலரேட்டரை அழுத்துகிறவர்தான் சிவப்பில் மாட்டுகிறார்.

மூன்று, பின்கண்ணாடியை ஒருமுறை பாருங்கள். ஒட்டிக்கொண்டு ஒரு கனரக வண்டி வருகிறது என்றால் அதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு இன்னும் சீக்கிரமாக, இன்னும் மெதுவாக பிரேக்கைத் தொடங்குங்கள்.

நிற்கும்போது முன் சக்கரம் கோட்டுக்குப் பின்னால் நிற்கட்டும். கோட்டின் மேல் ஏறி நின்றாலே குற்றமாகப் பார்க்கும் இடங்கள் உண்டு. அதைவிட, நடந்து கடப்பவர்கள் உங்கள் பானெட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும், கையில் குழந்தையோடு வருகிறவருக்கு அது எவ்வளவு கஷ்டம்!

போக்குவரத்துக் காவலர் நின்று கை காட்டினால் விளக்கைவிட அவர் சொல்வதே மேல். சாலைப் போக்குவரத்து பற்றிய 1968 வியன்னா உடன்படிக்கையே அப்படித்தான் சொல்கிறது. பின்னால் ஆம்புலன்ஸ் அலறினால் சுற்றிலும் பார்த்து, முடிந்த அளவு ஒதுங்கி வழிவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஜங்ஷனுக்குள் பாயாதீர்கள்.

வண்டிக்குள் பார்ப்பவை

இவை உயரத்திலிருந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கும். கையில் போன், சீட் பெல்ட் இல்லாமை, இருசக்கர வண்டியில் ஹெல்மெட் இல்லாமை ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் போன் பிடிக்கும் கேமராவுக்கென்றே தனித்திட்டத்தை 2020 மார்ச்சில் முழுவீச்சில் தொடங்கியது. அங்கே மென்பொருள் சந்தேகப் படங்களைப் பிரிக்கும், மனிதர்கள் பார்த்து உறுதி செய்வார்கள்.

இதற்கு என்ன செய்வது என்றால், வண்டியை எடுக்கும் முன்பே போனில் வழியைப் போட்டு, தாங்கியில் மாட்டிவிடுங்கள். சிக்னலில் நிற்கும்போதுகூட கையில் எடுக்காதீர்கள். பல இடங்களில் நிற்கும் நேரமும் ஓட்டும் நேரமாகத்தான் கணக்கு.

பஸ் லேனில் நுழைவோரைப் பிடிப்பவை, ஜங்ஷன் நடுவில் மஞ்சள் கட்டத்தில் நிற்போரைப் பிடிப்பவை, சில நகரங்களில் சத்தம் போடும் சைலன்சரைப் பிடிப்பவை என்று இன்னும் சில உண்டு. மஞ்சள் கட்டத்துக்கு மட்டும் ஒரு விதி: அந்தப் பக்கம் உங்கள் வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே நுழையுங்கள்.

கேமராவைக் கண்டதும்

சரி, கேமரா கண்ணில் பட்டுவிட்டது. வரிசையாக இதைச் செய்யுங்கள்.

முதலில் முள்ளைப் பாருங்கள். வரம்புக்குள் இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள், அப்படியே போங்கள். வரம்பை மீறியிருந்தால் பின்கண்ணாடியைப் பாருங்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், வண்டி தானாக இறங்கட்டும். தேவைப்பட்டால் மட்டும் பிரேக்கை லேசாக. சில கிலோமீட்டர் கூடுதலுக்காகப் பிரேக்கை ஓங்கி மிதித்து ஒரு பின்மோதலை வாங்காதீர்கள். தாண்டிய பிறகும் வரம்பு மாறவில்லை என்பது நினைவிருக்கட்டும்.

முள்ளைப் பற்றி ஒன்று. ஐ.நா.வின் 39-வது வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், 10 சதவீதமும் 4 கிலோமீட்டரும் வரை. உண்மையில் 80-ல் போனால் முள் 92 வரை காட்டினாலும் விதிக்குள்தான். இதைச் சாக்காக வைத்து 90-ல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரியாது, பெரிய டயர் போட்டிருந்தால் அது சுருங்கிவிடும் அல்லது மறைந்தே போகும். முள்ளை நம்பி ஓட்டுங்கள்.

ரேடாரைக் கண்டுபிடிக்கும் கருவி, நம்பர் பிளேட்டில் பூசும் பளபளப்பு, மடக்கி வைத்த பிளேட் இவற்றின் பக்கமே போகாதீர்கள். பல நாடுகளில் இவை வேகத்தைவிடப் பெரிய குற்றம். சேறு படிந்த பிளேட்டைத் துடைத்துவிடுங்கள்.

இந்தக் கேமராக்களால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: காக்ரேன் என்பது ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பு. 35 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த அதன் 2010-ம் ஆண்டு மதிப்பாய்வில், கேமரா இருந்த இடங்களின் அருகே உயிரிழப்பும் பலத்த காயமும் ஏற்படுத்தும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. ஆய்வுகளின் தரம் சமமாக இல்லை என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் எல்லா ஆய்வும் ஒரே திசையைத்தான் காட்டின.

நோட்டீஸ் வந்துவிட்டால்

குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். அபராதம் என்று சொல்லிப் பணம் பறிக்கும் போலிச் செய்திகள் எங்கும் பெருகியிருக்கின்றன. அரசின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால்தான் உண்மை.

உண்மையென்றால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளேட்டின் ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் சரிதானா? வண்டியின் நிறமும் மாடலும் உங்களுடையதா? அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தீர்களா? வேறொருவர் உங்கள் எண்ணைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு சுற்றுவது நடக்கிறது. அப்படிச் சந்தேகம் இருந்தால் உங்கள் வண்டியின் படம், அன்று நீங்கள் வேறிடத்தில் இருந்ததற்கான ரசீது ஆகியவற்றோடு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். போலீசிலும் புகார் கொடுங்கள். வேறு யாராவது ஓட்டியிருந்தால் அதைத் தெரிவிக்கவும் பெரும்பாலும் ஒரு கெடு இருக்கும். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள்.

வண்டியை விற்றுவிட்டவர்கள், பெயர் மாற்றம் முடிந்துவிட்டதா என்று பதிவேட்டில் நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். வாங்கியவர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வதை நம்பி விட்டுவிட்டால், யாரோ எங்கோ தாண்டிய சிவப்பு விளக்குக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வீடு மாறியிருந்தால் முகவரியையும் அன்றே மாற்றிவிடுங்கள்.